பாயை விரித்தது நான்தான்

உய்சங், ஜனவரி 9

அன்பு மகன் இன்சோக்குக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சாவ் பாலோவில் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

தாத்தாவின் திதியன்று அப்பாவின் இடுப்பு மூட்டு நழுவிவிட்டது, போன இலையுதிர் காலத்தில் மாற்றி வைத்தார்களே, அதே வலது மூட்டு. தரையில் உட்காரக்கூடாது, குனியக்கூடாது, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பினால் யாரும் தொடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று டாக்டர் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார். எல்லாம் தெரிந்தும் படையல் மேசை முன்னால் பாயை விரித்தது நான்தான். நீ வரவில்லை, மூத்த மகன் வழியில் முதலில் விழுந்து கும்பிட வேறு யார் இருக்கிறார்கள். இரண்டாவது கும்பிடில் டொக்கென்று ஒரு சத்தம், அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கால் குட்டையாகி, பாதம் உள்ளே திரும்பிக் கிடக்கிறது. சித்தப்பா, "பிசகிடுச்சுண்ணே, ஒரு இழுப்பு இழுத்தா உக்காந்துக்கும்" என்று காலைப் பிடிக்க வந்தார், கத்தித் தடுத்தேன். அந்த மட்டும் புத்தி இருந்தது. ஃபோனை எடுத்ததும் அப்பா, "வைடி அதை! எங்கப்பா சாப்பிட உக்காந்திருக்காரு, பாதியில எழுப்புவியா?" என்று அதட்டினார். வைத்துவிட்டேன் இன்சோக். தாத்தாவுக்கு மது ஊற்றி, அவர் சாப்பிடும்வரை காத்திருந்து, படையலில் அவர் பெயர் எழுதி வைத்த தாளை எரித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் அவர் பாயிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூட்டை ஏற்றிவிட்டார்கள், தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாதம்தான் எழவில்லை. நரம்பு அழுந்தி ரொம்ப நேரமாகிவிட்டதாம். "ஏம்மா, உடனே கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் டாக்டர். செத்தவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தோம் என எந்த வாயால் சொல்வேன். நகத்தால் கீறினாலும் அவருக்குத் தெரியவில்லை. உணர்ச்சி திரும்புமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை, எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு. பூண்டு வயலைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். என்மேல் அதைவிட அதிகம். நேற்று அப்பா, "சந்திரப் புத்தாண்டு வருது, பாய் எங்க வெச்ச?" என்று கேட்டார். எரித்துவிட்டேன் என்றேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இன்னொன்று, அப்பா இனி உயரமான நாற்காலியில்தான் உட்கார முடியும், அதில் உட்கார்ந்து பிள்ளையின் கும்பிடை வாங்கிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், தாராளமாக என்றார். அவர் படம் அந்தப் படையல் மேசைக்கு வருவதற்குள் ஒரு தரம் வா. பாய் இல்லை, வெறும் தரையில் கும்பிடு.

உன் அம்மா,
ஒக்புன்