எதிலிருந்து ஆரம்பிப்பது என்று சொன்னவனுக்கு

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம், ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று உன் அம்மா போன் செய்தார்கள். போனேன். உனக்காக இல்லை, அவர்கள் கையால் சாப்பிட்ட சோற்றுக்காக. கிளம்பும்போது உன் அறை ஜன்னலில் கட்டியிருந்த கறுப்புப் போர்வையை மடித்து, உன் ஹார்ட் டிஸ்கை நடுவில் வைத்துக் கொடுத்தார்கள். என் ஊர் குள்ளஞ்சாவடி வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நிலக்கரித் தூசியும் உன் சிகரெட் நாற்றமும். செத்த பிறகும் மூக்கைத் துளைக்கிறாயே என்று எரிச்சலாக வந்தது.

"காமாலையில கெடந்தப்பகூட உன்னைத்தான் கேட்டுக்கினே இருந்தான்பா," என்றார்கள் அம்மா. தலையாட்டினேன். என் போன் நம்பர் உனக்குத் தெரியும். நான் டயர்க் கடையில் நிற்பதும் தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தவன் ஒரு தடவை பேசியிருக்கலாம்.

நைட் ஷிஃப்ட் போகிறவர்கள் பகலில் தூங்குவதற்காக ஜன்னலை மூடுவார்கள். நீ படம் பார்ப்பதற்காக மூடினாய். காலையில் சைக்கிளை உன் வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தால், வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே மழை பெய்யும் அமெரிக்கத் தெரு. தொப்பி, பாதி முகத்தில் நிழல், பேராசை, துரோகம். அந்த நாளைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள். நுவார் என்று உலகம் சொன்னதை நீ இருட்டுப் படம் என்றாய்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று நான் கேட்டபோது பெரிய ஞானி போல விரலை ஆட்டினாய். "பெரிய படத்துல ஆரம்பிக்காத. நிழலைப் பாத்து அசந்துடுவ, ஆளைப் பாக்க மாட்ட. மலிவா எடுத்தது, ஒரு மணி நேரத்துல முடியறது, அதுலேர்ந்து வா." கொலை செய்தது யார் என்று நான் கேட்டால் திட்டுவாய். "அத்த வுடு. யாருக்கு என்ன வேணும்னு பாரு." இரண்டு காவல்காரர்கள், ஒரு துறைமுகக் கிடங்கு என்று ஒரு படம் இருந்தது. அதை மட்டும் கடைசியில் பார்க்கச் சொன்னாய். "அது உனக்கு இப்பப் புரியாது." அது வரை நாம் போகவே இல்லை.

பகலெல்லாம் படம் பார்த்தவனுக்கு ராத்திரி தூக்கம் வராமல் இருக்குமா? சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு இரு பக்கமும் நாம் இரண்டு பேர், இருவரும் கான்ட்ராக்ட். நீ கண்ணயர்ந்தால் உன் பக்கம் சிந்திய மண்ணையும் நான்தான் அள்ளினேன். சொல்லிக்காட்டியதில்லை. ஒருநாள் என் பக்கமே குவிந்துவிட்டது, உன் பக்கம் வரமுடியவில்லை. அன்றைக்கு உன் பக்கம் மண் சேர்ந்து உருளை சிக்கி, பெல்ட் கிழிந்தது.

விடிந்ததும் சூப்பர்வைசர் கேட்டார். நீ சிரித்த முகமாகவே பேசினாய். "நாங்க நேத்து எடம் மாத்திக்கினோம் சார். அந்தப் பக்கம் அவன்தான். பாவம், அசந்துட்டான்."

பாவம் என்று வேறு சொன்னாய்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என் வீட்டில் இன்றும் கேட்கிறார்கள். உன்னோடு உட்கார்ந்து அத்தனை படம் பார்த்த பைத்தியக்காரத்தனம்தான். கடைசி ரீலில் நீயே உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நின்றேன். இந்தப் படங்களில் கடைசியில் யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள் என்று சொன்னவனே நீதான். என் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், வேலை போனது. நீ பர்மனென்ட் ஆனாய். உன் அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸ் உன் பேருக்கு வந்தது. ஒருநாள் கூட என் கடைப் பக்கம் நீ வரவில்லை. அங்கே வராமல் நீ எந்தக் கடையில் பஞ்சர் ஒட்டினாய் என்று நினைத்து நினைத்து எரிந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் போர்வையை எங்கள் ஜன்னலில் கட்டினேன். ஹார்ட் டிஸ்கைப் போட்டதும் என் மனைவி கேட்டாள், "இவ்ளோ இருக்குதே, எதுலேர்ந்துங்க ஆரம்பிக்கிறது?" மலிவானது, சின்னது என்று உன் பாடம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். கிடங்குப் படத்தைப் போட்டேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. "இந்த ஒல்லிக்காரன்தான் கூட்டாளியக் காட்டிக் குடுப்பான்," என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"சும்மா சும்மா சிரிச்சிக்கினு இருக்கறான் பாருங்க."

இருட்டுப் படம் ஒன்றுகூடப் பார்க்காதவள். அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியாது என்று நீ ஒளித்து வைத்தாய். ஆரம்பிக்க வேண்டியதே அந்தப் படத்தில்தான். இனி யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன்.

முடிவில் ஒல்லிக்காரன் கிடங்கு வாசலில் விழுந்து சாகிறான். "நல்லா வேணும்," என்றாள் அவள், முறுக்கைக் கடித்தபடி. உன் சாவுச் சேதி வந்த அன்று நானும் இதே வார்த்தையைத்தான் சொல்லப் பார்த்தேன். அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் உன் மேல் கோபமாக இருக்கிறேன்.