சீனிக்கு வைத்த பருத்திக்கொட்டை

எப்போதும்வென்றான்,
26.11.2003

மகள் இந்துஜாவுக்கு அப்பா கோபாலசாமி எழுதுவது. இங்கே நல்ல மழை. காட்டுக்குப் போனால் கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறது. அம்மாவும் ஆடுகளும் சுகம்.

நீ அம்மாவுக்குப் போட்ட கடிதத்தில், உன்னுடைய இரண்டு கினிப்பன்றிகளும், சீனியும் மிளகும், ஒழுங்காகச் சாப்பிடுகின்றனவா என்று கேட்டிருந்தாய். அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்கவில்லை. சரி, போகட்டும். நீ அந்தப் பையனைப் பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் போனதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. இது சீனியையும் மிளகையும் பற்றிய கடிதம்.

நீ போன பிறகு அவற்றுக்குத் தீனி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிறந்ததிலிருந்து ஆட்டோடு கிடக்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். நீ தினமும் பச்சைப் புல்லும் மல்லித்தழையும் போடுவாய். மழை தொடங்கியதும் நான் அதை நிறுத்திவிட்டேன். ஈரப் புல்லைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும், மழைக்காலத்தில் காய்ந்த தீனிதான் நம் வீட்டு வழக்கம். அதனால் காய்ந்த கடலைக்கொடியும் கம்பும் வைத்தேன். சீனி சினையாக இருப்பது தெரிந்ததும், சினையாட்டுக்கு வைப்பதுபோல் பருத்திக்கொட்டையை ஊறவைத்தும் கொடுத்தேன். "ஏங்க, இது என்ன கெடாக்குட்டியா? பருத்திக்கொட்டையைக் கொண்டுபோய் வைக்குதீங்களே" என்று உன் அம்மா ஏசினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மிளகு கூண்டைவிட்டு நழுவிப்போய் அம்மாவின் மல்லிப் பாத்தியில் பாதியை மொட்டையடித்துவிட்டது. திருட்டுப் பயல் என்று அதை விரட்டினேன். அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சீனி முதலில் பருத்திக்கொட்டையை ஒதுக்கியது. பிறகு கம்பையும் தொடவில்லை. மூலையில் முடங்கிவிட்டது. காலை ஊன்ற முடியாமல், தொட்டாலே கத்தியது. பயந்துபோனேன், இந்துஜா. நீ எங்களிடம் விட்டுவிட்டுப் போனவை இந்த இரண்டு உயிர்கள்தான். இதுவும் போய்விட்டால் உனக்குக் கடிதம் போட எனக்கு என்ன சாக்கு இருக்கிறது?

கூடையில் வைத்து, மேலே சாக்கைப் போட்டு, பஸ்ஸில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனேன். மாட்டு டாக்டர் சீனியின் வாயைத் திறந்து காட்டினார். ஈறெல்லாம் ரத்தம். வைட்டமின் சி என்று ஒரு சத்து இருக்கிறதாம். ஆட்டின் உடம்பு அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளுமாம். இதன் உடம்புக்கு அது முடியாது, தினமும் பச்சையில்தான் கிடைக்கவேண்டும் என்றார். சொட்டு மருந்தும் கொடுத்தார். "அண்ணாச்சி, ஆட்டை வளர்த்த பழக்கத்துல எல்லாத்தையும் ஆடாப் பார்க்குதீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அம்மா மல்லித்தழையைப் பறித்து, ஒவ்வொரு கொத்தாக முந்தானையில் ஈரம் துடைத்துக் கொடுக்கிறாள். நான் நெல்லிக்காயைப் பொடியாக நறுக்கி வைக்கிறேன். முந்தாநாள் சீனி என் கையிலிருந்து ஒரு தழையை இழுத்தது. இன்று காலை நான் கதவைத் திறந்ததுமே கீச்சுக் கீச்சென்று கத்தித் தீனி கேட்டது. அம்மா அழுதுவிட்டாள். நானும்தான், உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

வயிற்றில் குட்டிகள் துள்ளுகின்றன. ஈற்றுக்கு அதிக நாள் இல்லை என்று அம்மா சொல்கிறாள். குட்டிகளைப் பார்க்க நீ வரவேண்டும். தனியாக வராதே.

திருப்பூரில் குளிர் அதிகம் என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். இருவரும் நல்லபடியாக இருங்கள். மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எது ஆகாது என்று முன்கூட்டியே எழுது. தெரியாமல் நம் வீட்டு வழக்கத்தையே அவருக்கும் வைத்துவிடப் போகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா