உன் ரத்தத்துக்கு இயந்திரம் சொன்ன இரண்டு பதில்கள்

இன்று காலை எண்ணூரிலிருந்து வந்த ரத்த மாதிரிப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாசனையோடு மீன் வாடையும் வந்தது. குப்பத்தில் மீனுக்குப் போடும் ஐஸைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் கொண்டுவந்தவரை ஒரு பிடி பிடித்திருப்பாய்.

ராயபுரத்தில் ஒரே பள்ளியில் படித்த நாம் மறுபடி சேர்ந்தது இந்த ஆய்வகத்தில்தான். முகத்துவாரக்குப்பம், மணலி என்று முகாம் முகாமாகப் போய் நீ ரத்தம் எடுத்து வருவாய். அதிலுள்ள புரதங்களின் அளவுகளைக் கணினிக்குக் கொடுத்து, ரத்தப் புற்றுநோயை அடையாளம் காண அதைப் பழக்குவது என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். முகாமில் ஆள் குறைந்த ஒரு நாள் நீயே கையை நீட்டினாய்.

முதல் முடிவுகளில் கணினி ஏறக்குறையத் தவறே செய்யவில்லை. உன் ரத்தம் உட்பட முகாமில் எடுத்த எல்லாவற்றையும் நல்லது என்றது. ஆய்வகத் தலைவர் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். நீ மட்டும் திரையை முறைத்தாய்.

"இவ்ளோ கரீட்டா சொல்லுதுன்னா எங்கியோ கோல்மால் கீதுடி."

எனக்கும் உள்ளூர அந்த உறுத்தல்தான். இருவரும் தோண்டினோம். நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையில் எடுத்த உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் போயிருந்தது. முகாம் ரத்தமோ டேங்கர் லாரி நெரிசலில் வெயிலில் கிடந்து வந்தது. அப்படிக் கிடந்தால் சில புரதங்கள் சிதையும். கணினி நோயைக் கற்கவே இல்லை. எந்த ரத்தம் தாமதமாக வந்தது என்பதைத்தான் கற்றிருந்தது.

அந்தப் புரதங்களை ஒதுக்கிவிட்டு மறுபடி பழக்கினேன். இம்முறை முகாம் ரத்தம் ஒன்றை அது நோய் என்றது. பிழை என்று தள்ளப் பார்த்தேன். குழாயின் எண்ணைப் பார்த்த நீ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். அது உன்னுடையது. பல மாதமாக உனக்கு முதுகுவலி; இந்த நோய் எலும்பை அரித்தாலும் அப்படி வலிக்கும். பெட்டி தூக்குவதால்தான் என்று நினைத்திருந்தோம்.

"இதுவும் பொய்யாத்தான் இருக்கும். இர்ந்தாலும் டாக்டராண்ட காட்டிக்கலாம், வா."

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை நோயை உறுதிசெய்தது. சிகிச்சை உனக்குக் கொஞ்ச காலம் தந்தது. உன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மாதா கோவிலில் முக்காடிட்டு முன்வரிசையில் நின்றாய். அடுத்த மழைக்காலத்தை நீ பார்க்கவில்லை.

போன வாரம், முதலீடு செய்ய வந்தவர்கள் முன் தலைவர் உன் புகைப்படத்தைக் காட்டினார். நம் இயந்திரம் நோயைக் கண்டுபிடித்த முதல் பெண் என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து, அதே ரத்தத்தை அது முதலில் நல்லது என்று சொன்னதையும் சொன்னேன். இரண்டாவது முறை சரியாகத்தானே சொன்னது என்று ஒருவர் கேட்டார்.

"எத வெச்சு சொல்லிச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல சார்" என்றேன்.

தலைவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

உனக்குக் கிடைத்த அந்தக் கொஞ்ச காலத்துக்காக இயந்திரத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சில நேரம் தோன்றும். முதல் பதிலை நாம் நம்பியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்பது உடனே நெஞ்சில் தைக்கும். நாளை மணலியில் முகாம். ரத்தம் எடுத்ததிலிருந்து குளிர்பெட்டிக்குள் போகும்வரை நின்று பார்க்க நானே போகிறேன்.