சயாம்காரனுக்குப் பாடிய பாட்டு

என் மாமாவுக்கு,

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் உங்களைப் பிடித்துப் போனதிலிருந்து ஒரு கடுதாசியும் இல்லை. திரும்பி வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அதை விடுங்கள். நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

ஜப்பான்காரன் நம் கெடா மாநிலத்தைச் சயாம்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதைக் கொண்டாட, செமிலிங் திடலில் சயாம் போலீசுக்கும் நம் ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கும் பந்தாட்டம். ஆட்டத்துக்கு முன்னால் சயாம் நாட்டை வாழ்த்தி தோட்டத்துப் பெண்கள் நாங்கள் பாட வேண்டுமாம்.

"தமிழ்லயே பாடலாமாம். பாடலேன்னா அரிசி கிடையாது," என்றார் கங்காணி.

ராக்காயி அக்கா முன்னால் போய் நின்றாள். ரயிலுக்குப் போன அவள் புருஷன் செத்த சேதி வந்துவிட்டது. அவள் ஒப்பாரியை எடுத்தாள்.

"பால்மரம் இங்கிருக்க, பாவி ரயிலுக்குப் போனவரே..."

நாங்களும் சேர்ந்துகொண்டோம். மாரில் அடிக்காமல், கையைத் தொங்கவிட்டு நேராக நின்று பாடினோம். சயாம் அதிகாரிகள் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள்! கங்காணிக்கு வேர்த்து ஊற்றியது. இது ஒப்பாரி என்று சொன்னால் அவர் தலையும்தானே போகும்?

ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் செத்தவர் பெயரைச் சொல்லிப் பாடினாள். என் முறை வந்ததும் அக்கா என்னை இடித்தாள்.

"சொல்லுடி."

"என் வீட்டுக்காரரு வருவாருக்கா," என்றேன்.

அதிகாரிகளுக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அடுத்த ஆட்டத்துக்கும் பாடச் சொல்லியிருக்கிறார்கள். பாடுவோம். எத்தனை தடவை பாடினாலும் உங்கள் பெயர் அதில் வராது.

தாலியைக் கழற்றாத
உங்கள் சம்சாரம்