தண்ணீருக்கு முன் வந்த மோர்

இன்று காரமடையில் மகள் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததும் பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். பெருங்காய வாசனை மூக்கில் ஏறியது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டம்ளரையே பார்ப்பது போலிருந்தது.

பெருந்துறைப் பக்கம் ஒரு ஊரில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க அலுவலகத்திலிருந்து நாம் இருவரும் சேர்ந்து போன நாள் நினைவுக்கு வந்தது. நல்ல வெயில். நுழைந்த வீட்டிலெல்லாம் சிரித்த முகமாக மோர் கொடுத்தார்கள். தண்ணீர் எப்படி என்று கேட்டால், "பரவால்லீங்க" என்றார்கள். நான் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஊரையே மெச்சிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

நீங்கள் மட்டும் மெச்சவில்லை. பிறகு கேட்டீர்கள்: "ஏனுங்க அம்மணி, வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்காத ஊடு நம்ம பக்கம் உண்டுங்களா? இங்க ஒரு ஊட்லயும் குடுக்கலீங்க. குடுக்க வெக்கப்படறாங்க."

சோதனையில் எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தது. நீங்கள் விடவில்லை. "கெணத்துல கழிவு எறங்கறது அளவுல இன்னும் தெரியலீங்க, ஊர்க்காரங்க நாக்குக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்பவே சொல்லிப்போட்டா தடுத்துப்போடலாம்" என்று அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தீர்கள். மேலதிகாரி சிரித்தார். "மோர் குடுத்ததெல்லாம் ஆதாரமுங்களா?" என்று அதை அடித்துவிட்டார். அதன்பிறகு அலுவலகத்தில் உங்களுக்கு 'மோர் மேடம்' என்றே பெயர். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஊருக்குக் கேன் தண்ணீர் வண்டி வரத் தொடங்கியபோது நீங்கள் உயிரோடு இல்லை. கிணறுகள் வரம்பைத் தாண்டியபோதும் இல்லை. 'வருமுன் காப்போம்' என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் நம் அலுவலகம், வந்தபின் விழுந்தடித்து ஓடியது. அந்த மக்கள் இன்றும் தண்ணீரை விலைக்குத்தான் வாங்குகிறார்கள்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்கிறார்கள். எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், உள்ளேயிருந்து என்ன வருகிறது என்று உங்கள் கண்தான் என் முகத்திலிருந்து பார்க்கிறது. சில சமயம் பயமாகவே இருக்கிறது.

மோரைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் கேட்டேன்: "உங்க போர் தண்ணி எப்படிக் கண்ணு இருக்குது?"

அவள் முந்தானையைத் திருகினாள். "பரவால்லீங்கம்மா."

எழுந்துபோய்க் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். பிறகு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். இதை எழுதும்போது அது என் மேசைமேல் இருக்கிறது, கண்ணாடிபோலத் தெளிவாக. சோதனையில் வரம்புக்குள்தான் வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் அலுவலகத்தில் கொடுக்கும் அறிக்கையின் முதல் வரியில் மோர் என்றே எழுதப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த முறை அடிக்க விடமாட்டேன்.