பக்க மரத்துக் கட்டு

ஆனி 20, வெள்ளி

கச்சான் காற்று. சரியான வெயில். துவைத்த சீலை ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது.

காலையில் மகன் தீபன் நியூசிலாந்தில் இருந்து வீடியோவில் வந்தான். ஆவணிக்கு டிக்கெட் போடட்டா என்று கேட்கிறான். முதலில் அவன் வீடு, மறுகா எல்லாரும் சேர்ந்து சமோவாத் தீவு. ஆறு நாள். அடுத்த வெள்ளிக்குள் பதில் வேண்டுமாம்.

எனக்கும் அவருக்கும் விசா வந்தது சித்திரையில். அவர் போய்ச் சேர்ந்தது வைகாசியில். நெஞ்சுவலி என்று சொல்லி ஒரு தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக்கொண்டு வர முன்...

சமோவா அவருடைய ஆசைதான். தீபனோடு வேலை செய்கிற சமோவாக்காரன் தன் ஊர்த் தோணியைப் படத்தில் காட்டினான். நம்முடையது போலவே கவிழாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு மரம், தும்புக் கயிற்றுக் கட்டு. இவர் போனைத் திருப்பித் தரவே இல்லை. "இவனுகள் ஆருகா, நம்மளப் போலக் கட்டியிருக்கானுகள்?" என்றார். போய் அவர்களுக்குத் தன் கட்டைக் கட்டிக் காட்ட வேண்டும், அதே கதைதான் பிறகு. கயிறும் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கொண்டுபோக:
மிளகாய்த்தூள், தீபனுக்கு
கால்வலி எண்ணெய்
மருமகள் சொன்ன சட்டை. கடலில் சீலை சரிவராதாம்
அவர் படம்

இதை எழுதும்போதுதான் யோசனை வந்தது. அவர் கடைசியாகக் கட்டிய கட்டு தோணியில் அப்படியே இருக்கும். வருசம் பிறந்த மறுநாள் கட்டினார். மரத்தோடு சேர்த்து ஒரு துண்டு அறுத்தால் குலையாமல் கொண்டுபோகலாம்.

தோணி இப்போது அவருடைய தம்பி யோகனிடம். முப்பத்தோராம் நாள் கடமை முடிந்ததும் அவருடைய சாமான்களைக் கொடுக்கும்போது நானே கொடுத்தேன். கிடந்து உக்கும் என்று.

ஆனி 21, சனி

செங்கலடிக்குச் சட்டை வாங்கப் போனேன். பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் கதை. நான் பின்னால் இருந்தது தெரியாது.

"புருசன் செத்து ஆண்டுத் துவசமும் முடியல்ல, கடல் பாக்கப் போறாவாம்."

"இஞ்ச இல்லாத கடலா அங்க?"

இரண்டாமவள் சொன்னது சரிதான். எனக்கே சிரிப்பு வந்தது. இறங்கி நடக்கும்போது அழுகை.

சட்டை வாங்கவில்லை. வெங்காயம், பல்பு ஒன்று.

ஆனி 23, திங்கள்

யோகன் வீட்டுக்குப் போனேன். தோணியைக் கரையில் ஏற்றி வைத்திருந்தான். பக்க மரத்தில் நீல நைலோன் கயிறு.

பழைய கட்டு எங்கே என்று கேட்டேன்.

"கயிறு இளகிப் போச்சு மச்சாள். வெட்டிப்போட்டு நைலோன் போட்டன்."

வெட்டினது எங்கே?

நுளம்பு கடிக்கிறது என்று எரித்துப் புகை போட்டார்களாம். ஏன் கேட்கிறேன் என்றான். சொன்னேன். அப்படியே மண்ணில் குந்திவிட்டான்.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே மச்சாள்."

எப்படிச் சொல்வது? அன்றைக்கு எனக்கே தெரியாது. துடுப்பில் வெடிப்பு, பார்த்துப் பிடி என்று மட்டும் சொன்னேன். அவன்மேல் பிழை இல்லை. கொடுத்தது நான்.

அண்ணனுடைய மாதிரி ஒரு கட்டுக் கட்டித் தா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அண்ணன் கட்டக்குள்ள நான் எங்க பாத்தன்? நீங்கதானே மரம் பிடிச்ச."

திரும்பி வரும் வழி முழுக்க மனதில் அந்தப் பேச்சுத்தான்.

ஆனி 25, புதன்

காற்று குறைவு. தலைமுழுகவில்லை. பல்பு மாட்டினேன்.

பெட்டியில் அவர் சுருட்டி வைத்த கயிற்றைக் குலைக்க மனம் வரவில்லை. கிணற்றடியில் கிடந்த கயிற்றை எடுத்தேன். இரண்டு விறகு, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக. கட்டிப் பார்த்தேன்.

முதல் சுற்று வரும். மறுகா கயிறு மேலால் போகிறதா கீழால் போகிறதா தெரியாது. பத்துத் தரம் இருக்கும். பத்துத் தரமும் கழன்றது.

முப்பத்தொரு வருசம் பக்கத்தில் நின்றேன். ஒரு நாளாவது கயிற்றைப் பார்த்தேனா? அடுப்பில் கறி, கருவாட்டில் காகம், தீபன் பள்ளிக்கூடம், இதுதான் என் பேச்சு. "இறுக்கிப் பிடிகா, கைய எடுக்காத" என்பார். எடுக்க மாட்டேன். ஆனால் பார்த்ததில்லை.

என் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவர் இழுக்கும்போது மரம் எந்தப் பக்கம் துள்ளும் என்று. இன்றைக்கும் முழங்கால் தன்பாட்டில் போய் விறகில் முட்டுக் கொடுத்தது. அங்காலே இழுக்கத்தான் ஆளில்லை.

விறகை அடுப்பில் வைத்துவிட்டேன்.

ஆனி 27, வெள்ளி

விடிய தீபன் போன் எடுத்தான். டிக்கெட் போடு என்றேன். உண்மையாகவா அம்மா என்றான்.

ஊரில் கதைப்பார்கள் என்றேன். கதைக்கட்டும் என்றான். அவன் அப்பாவின் குரல் அப்படியே.

அந்தச் சமோவாக்காரனின் தகப்பன் இன்னும் தோணி கட்டுகிறவராம். நாங்கள் போகும் நேரம் புதிதாக ஒன்று கட்டுவாராம், அப்பா பார்க்க ஆசைப்பட்ட மாதிரி நாங்கள் பார்க்கலாமாம்.

"அவர் கட்டக்குள்ள ஆர் மரம் பிடிக்கிற எண்டு கேள் மனே."

"அது ஏன் அம்மா?"

"கேள்."

கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஆள் இல்லையென்றால் நான் பிடிப்பேன். இந்த முறை கயிற்றைப் பார்ப்பேன்.