குழாயில் இருந்த சந்தனம்

சார், இன்று ஆயுத பூஜை. திரிங்காப் ஊரில் எங்கள் காய்கறி லாரிக்குப் பொட்டு வைக்கச் சந்தனம் குழைத்தேன். வாசனை எழுந்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. உங்களை அடக்கம் செய்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை.

உங்களை எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஓரச் சரிவில் விமானத்துக்கென்று புல்தரை வெட்டி, மேட்டைப் பார்த்து இறங்கவும் பள்ளத்தைப் பார்த்துப் பறந்து கிளம்பவும் பையன்களைப் பழக்கினீர்கள். உள்காட்டுக் குடியிருப்புகளுக்கு மருந்தும் அரிசியும் கொண்டுபோகும் மிஷன் விமானம் என்றார்கள். வேதக்காரர் ஒருவர் லைன் வீட்டுப் பையனான என் தம்பிக்கு எதற்குப் பறக்கக் கற்றுத்தர வேண்டும்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவன் கோயிலுக்கு வராத வாரமெல்லாம் கழுத்தில் சிலுவை தொங்குகிறதா என்று காலரை விலக்கிப் பார்த்தேன்.

அம்மா என்னைவிட மோசம். தம்பி முதன்முதலாகத் தனியாகப் பறக்க இருந்தது ஓர் ஆயுத பூஜையன்று. நம் சாமியும் கூடப் போகட்டும் என்று, யாருக்கும் சொல்லாமல் விமானத்துக்குப் பொட்டு வைத்துவிட்டாள். மூக்கில், சக்கரங்களில். இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயின் வாயிலும், நன்றாக அழுத்தி.

தம்பி விமானத்தைச் சுற்றி வந்து, "எல்லாம் சரி சார்" என்றான். நீங்கள் அந்தக் குழாயில் விரலை வைத்தீர்கள். விரல் மஞ்சளாக வந்தது. அதில் காற்று புகாவிட்டால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லுமாம். மலைகளுக்கு நடுவே ஆளைக் கொல்ல அது போதுமாம்.

அம்மாவை நீங்கள் திட்டவில்லை. மூக்கில் இருந்த பொட்டை அழிக்கவும் இல்லை. "இந்த ஓட்டையில மட்டும் வேணாம்லா, அம்மா" என்றீர்கள். தம்பியிடம் திரும்பி, "நீ தொட்டுப் பாக்கல. இன்னைக்குப் பறக்க வேணாம்" என்றீர்கள்.

அதிலும் எனக்குச் சந்தேகம்தான். மறுநாள் கொழுந்துக் கூடையோடு வந்து நேராகவே கேட்டேன். "வேதத்துல சேர மாட்டான்னுதானே நிறுத்தி வச்சீங்க? அவன்கிட்ட எப்பதான் கேக்கப் போறீங்க?"

"கேக்க மாட்டேம்மா. நான் கேட்டா, எனக்குப் பயந்துகிட்டு சரின்னுடுவான். அப்புறம் மலைய மேகம் மூடியிருக்கிறப்ப போறியான்னாலும் சரின்னுடுவான். அப்படிப்பட்ட பையன் திரும்பி வர மாட்டான்லா."

நான் நம்பவில்லை. என்றைக்காவது கேட்பீர்கள் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். நீங்கள் கேட்காமலே போய்விட்டீர்கள். தம்பி நெற்றி நிறையத் திருநீறோடு உங்கள் சவப்பெட்டியைச் சுமந்தான். அதைத் துடைக்கச் சொல்வார்கள் என்று உங்கள் சபைக்காரர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் சார், எனக்கு அழுகை வந்தது.

இப்போது பையன்களைப் பழக்குவது அவன்தான். யாராவது "எல்லாம் சரி" என்றால் குழாயில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறானாம். இன்று லாரி டிரைவர் "எல்லாம் சரிக்கா" என்றபோது, நானும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, பிரேக்க மிதிச்சுக் காட்டு" என்றேன். சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை, சார். உங்கள் மேல் இருந்தது மட்டும் போய்விட்டது.